அகந்தையும் கூட்டுவாழ்வும்: பௌத்த சங்கம் கண்ட வழி

பிறப்போ உறவோ கட்டாயப்படுத்தாமல், ஒரு நோக்கத்துக்காகத் தாமே விரும்பி ஒன்றுகூடி வாழ்பவர்களின் அமைப்பைக் கூட்டுவாழ்வுச் சமூகம் எனலாம். மடம், ஆசிரமம், துறவியர் சங்கம், நிலத்தைப் பொதுவில் வைத்து உழைக்கும் குடியிருப்பு ஆகிய எல்லாம் இதில் அடங்கும். குடும்பத்திலும் ஊரிலும் ஒருவருக்குரிய இடத்தை வயதும் முறையும் வழக்கமும் முன்பே வகுத்துவிடுகின்றன. விரும்பிச் சேரும் சமூகத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. முதலில் உட்காருபவர் யார், யாருடைய பேச்சு எடுபடும், பாத்திரம் கழுவுவது யார் என்பவற்றையெல்லாம் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும். அகந்தை தலையெடுக்கும் இடம் இதுவே. உணவுக்கும் பணத்துக்கும் குறைவில்லாத சமூகங்கள்கூட இத்தகைய சிறு கேள்விகளில் உடைந்து போயிருக்கின்றன.

இந்தச் சிக்கலை நீண்ட காலம் எதிர்கொண்டு, அதில் பெற்ற அனுபவத்தை விரிவாகப் பதிந்து வைத்த சமூகங்களுள் பௌத்த சங்கம் முதன்மையானது. ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் கங்கைச் சமவெளியில் தோன்றிய அச்சங்கத்தின் ஒழுங்குமுறைத் தொகுப்பு விநய பிடகம். அது விதிகளை மட்டும் அடுக்கிச் சொல்வதில்லை. எந்தப் பூசலிலிருந்து, யாருடைய எந்தக் குறையிலிருந்து ஒரு விதி பிறந்தது என்ற நிகழ்ச்சியையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் அந்நூல் மனிதர்கள் சேர்ந்து வாழும்போது நேரும் உரசல்களின் ஆவணமாகவும் விளங்குகிறது. இந்த மரபோடு தமிழகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சோழ நாட்டில் வாழ்ந்த புத்ததத்தர் விநய விதிகளைப் பாலிச் செய்யுளில் சுருக்கி ‘விநயவினிச்சயம்’ என்ற நூலை இயற்றினார்.

அகந்தை பற்றிய பௌத்தப் பார்வை

சைவ சித்தாந்தம் ஆணவத்தை உயிரோடு தொடக்கமின்றிப் பிணைந்துள்ள மலம் என்கிறது. சாங்கியம் அகங்காரத்தைப் பிரகிருதியிலிருந்து விரியும் தத்துவங்களுள் ஒன்றாக வைக்கிறது. நிலையான ஆன்மாவை ஏற்காத பௌத்தமோ அகந்தையை ஓயாமல் நடக்கும் ஒரு செயலாகக் காண்கிறது. உடல், நுகர்ச்சி, குறிப்பு, மனச்செயல்கள், அறிவு ஆகிய ஐந்தும் கணந்தோறும் மாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ‘நான்’ என்றும் ‘எனது’ என்றும் பற்றிக்கொள்வதே அந்தச் செயல். அது தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு அளப்பதாக வெளிப்படுகிறது. இந்த அளத்தலைப் பாலி நூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன: பிறரைவிட உயர்ந்தவன் என்ற எண்ணம், சமமானவன் என்ற எண்ணம், தாழ்ந்தவன் என்ற எண்ணம். தன்னை ஓயாமல் தாழ்த்திக்கொள்பவரும் தன்னையே அளந்துகொண்டிருக்கிறார். ஆகவே தாழ்வெண்ணமும் அகந்தையின் ஒரு வடிவமே.

விடுதலையைத் தடுக்கும் தளைகள் பத்து என்று பௌத்தம் வகுக்கிறது. அவற்றுள் ‘நான் என்று நிலையான ஒன்று உண்டு’ என்ற கொள்கை முதற்படியிலேயே அறுகிறது. ஒப்பிட்டு அளக்கும் அகந்தையோ முழு விடுதலையான அருகத நிலையை எட்டும்போதுதான் அறுகிறது. இதை விளக்கும் உரையாடல் ஒன்று சங்யுத்த நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் உள்ளது. நோயுற்றிருந்த கேமகர் என்ற பிக்குவிடம் மூத்த பிக்குகள் அவருடைய நிலையைக் கேட்டனுப்புகின்றனர். உடல் முதலான அந்த ஐந்து கந்தங்களில் எதையும் தாம் ‘நான்’ எனக் கொள்ளவில்லை என்கிறார் கேமகர். ஆனாலும் ‘நான் இருக்கிறேன்’ என்ற எண்ணம் இன்னும் தம்மை விட்டு நீங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அறிவால் தெளிந்தவரிடமும் அகந்தையின் வாசம் தங்கியிருக்கும் என்பது இதன் பொருள்.

கூட்டுவாழ்வுக்கு இந்தக் கருத்து மிக முக்கியமானது. அகந்தை அற்றவர்களைக் கொண்டுதான் நல்ல சமூகத்தை அமைக்க முடியும் என்றால் அப்படி ஒரு சமூகத்தை எக்காலத்திலும் அமைக்க முடியாது. அகந்தை கடைசிவரை உடனிருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, அது பிறரைக் காயப்படுத்தாதபடி அன்றாட வாழ்வை ஒழுங்கு செய்வதே நடக்கக்கூடியது. விநய விதிகள் பெரும்பாலும் இந்த அடிப்படையில் அமைந்தவை.

வரிசை

சங்கத்தில் முதலிடம் யாருக்கு என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. நல்ல இருக்கையும் முதல் உணவும் யாருக்கு உரியவை என்று புத்தர் கேட்டபோது, அரச குலத்தவருக்கு என்றும், அந்தணர் குலத்தவருக்கு என்றும், தியானத்தில் தேர்ந்தவருக்கு என்றும் பலவாறு பதில் வந்தது. புத்தர் எதையும் ஏற்கவில்லை. முன்னால் துறவேற்றவருக்கு முன்னிடம் என்று விதித்தார். மூப்பு பிறந்த ஆண்டால் கணக்கிடப்படவில்லை. துறவில் கழித்த மழைக்காலங்களின் எண்ணிக்கையே மூப்பானது. குலம், செல்வம், கல்வி எதையும் காட்டி ஒருவர் வரிசையில் முன்னேற வழியில்லாமல் போயிற்று. ஞானத்தைக்கூட அளவுகோலாக்காதது கவனிக்கத்தக்கது. ஞானத்துக்கு முன்னிடம் கொடுத்தால் ஞானிபோலத் தோன்ற விரும்புபவர்கள் பெருகியிருப்பார்கள்.

இந்த விதியைத் தம் செருக்குக்கு மருந்தாகத் தாமே கேட்டுப் பெற்றவர்களும் உண்டு. அனுருத்தர், ஆனந்தர், பத்தியர், பகு, கிம்பிலர், தேவதத்தர் ஆகிய சாக்கிய இளவரசர்கள் துறவேற்கச் சென்றபோது அவர்களோடு உபாலி என்ற நாவிதரும் சென்றார். சாக்கியர்களாகிய தாங்கள் செருக்கு மிக்கவர்கள் என்றும், உபாலிக்கு முதலில் துறவு அளித்தால் தாங்கள் அவரை வணங்க வேண்டிவரும், அதனால் செருக்குக் குறையும் என்றும் இளவரசர்கள் வேண்டினர். அவ்வாறே நடந்தது. பின்னாளில் விநயத்தில் தலைசிறந்தவர் என்ற பெயர் உபாலிக்கே கிடைத்தது. புத்தர் மறைந்தபின் கூடிய முதல் பேரவையில் விநய விதிகளை ஒப்புவிக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது.

உடைமையும் பணிவிடையும்

‘எனது’ என்பதைக் குறைத்தால் ‘நான்’ என்பதும் குறையும் என்பது துறவு மரபுகளின் பொதுக் கருத்து. பிக்குவின் உடைமையாக எட்டுப் பொருள்களே சொல்லப்பட்டன: மூன்று ஆடைகள், பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சு, சவரக் கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. நிலம், விகாரை, கட்டில் முதலியவை சங்கத்துக்குப் பொதுவானவை. அவற்றைப் பங்கிட்டுக்கொள்ளச் சங்கத்துக்கே உரிமை கிடையாது. உணவு நாள்தோறும் ஊராரிடம் பெற வேண்டியது. அடுத்த வேளைச் சோற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது ஒருவருடைய பெருமித உணர்வைத் தினமும் தொட்டுத் திருத்துகிறது.

உடைமையைத் துறந்தவரிடமும் தன்னலம் வேறு வடிவில் இருக்க முடியும். வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பார்க்க யாரும் வரவில்லை. அவர் யாருக்கும் எதுவும் செய்யாதவர் என்பதால் மற்றவர்களும் அவரைக் கவனிக்கவில்லை. அவரைக் கண்ட புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தாமே நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். இருவரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பிறகு புத்தர் பிக்குகளைக் கூட்டி, தாயும் தந்தையும் உடனில்லாத அவர்கள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று கேட்டார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றும் சொன்னார். எனக்குச் செய்தவருக்குத்தான் நான் செய்வேன் என்ற கணக்கை அந்தச் சொல் உடைத்தது. நோயாளியைப் பேணுவது அன்றுமுதல் சங்கத்தின் கடமையாயிற்று.

குறையைச் சொல்வதும் கேட்பதும்

சேர்ந்து வாழ்பவர்கள் சண்டையைத் தவிர்க்க எளிதாகத் தேடும் வழி பேசாமல் இருப்பது. ஒரு பிக்குக் குழுவினர் மழைக்காலம் முழுவதும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று முடிவு செய்து, கையசைவால் வேலைகளை நடத்தி, சச்சரவின்றி மூன்று மாதங்களைக் கழித்தனர். அதைப் பெருமையாகத் தெரிவித்தபோது புத்தர் பாராட்டவில்லை. அவர்கள் ஆடுமாடுகளைப்போல வாழ்ந்திருக்கிறார்கள் என்று கண்டித்தார். அந்த நிகழ்ச்சியிலிருந்தே பவாரணை என்ற சடங்கு பிறந்தது. மழைக்காலத் தங்கல் முடியும் நாளில் ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன் பணிந்தமர்ந்து, தம்மிடம் கண்ட குறை, கேட்ட குறை, ஐயுற்ற குறை எதுவாயினும் சொல்லுமாறு மூன்று முறை வேண்ட வேண்டும். சொன்னால் திருத்திக்கொள்வதாக உறுதி கூற வேண்டும். மூத்தவர் முதலில் வேண்டுவார். இளையவர் முறை அதன்பின் வரும்.

குறை சொல்பவருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. உரிய காலத்தில், உண்மையானதை, மென்மையாக, கேட்பவருக்குப் பயன்படும்படி, அன்புள்ளத்தோடு சொல்ல வேண்டும். சொல்வதற்குமுன் தன் ஒழுக்கத்தைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். குறை கேட்பவருடைய அகந்தையோடு, குறை சொல்பவருடைய அகந்தையையும் இம்முறை கட்டுப்படுத்துகிறது. கண்டிப்பதில் கிடைக்கும் இன்பம் கண்டிக்கப்படுபவருடைய பிழையைவிடச் சமூகத்துக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடியது.

இந்த முறை நடைமுறையில் வேலை செய்ததற்கு அனுருத்தரே சான்று. தம் தெய்வக்கண்ணால் ஆயிரம் உலகங்களைக் காண்பதாகவும், முயற்சி தளராமலும் மனம் ஒருமுகப்பட்டும் இருந்தும் விடுதலை கிட்டவில்லை என்றும் அவர் மூத்த பிக்குவான சாரிபுத்தரிடம் முறையிட்டார். ஆயிரம் உலகங்களைக் காண்கிறேன் என்பதே அகந்தை என்று சாரிபுத்தர் நேராகச் சொன்னார். அனுருத்தருடைய முயற்சியைப் பற்றிய எண்ணத்தில் அமைதியின்மையும், விடுதலை கிட்டவில்லை என்ற எண்ணத்தில் கவலையும் இருப்பதைக் காட்டினார். அனுருத்தர் அதை ஏற்றுத் தனித்திருந்து பயின்று விடுதலை பெற்றார்.

கூடி முடிவெடுத்தல்

சங்கத்தின் முடிவுகள் தலைவரின் ஆணையாக வருவதில்லை. முன்மொழிவு சபைமுன் வைக்கப்படும். முக்கியமான செயல்களில் மூன்று முறை அறிவிக்கப்படும். உடன்படுபவர் மௌனமாக இருப்பார், உடன்படாதவர் பேசுவார். கருத்து ஒன்றுபடாதபோது குச்சிகளைக் கொண்டு வாக்கெடுப்பு நடத்தவும் இடமுண்டு. ஆனால் பூசல்களைத் தீர்க்க விநயம் கூறும் ஏழு வழிகளுள் அதுவும் ஒன்று, அவ்வளவே. எண்ணிக்கையால் ஒரு தரப்பு வென்றால் மற்றொரு தரப்பு தோற்றதாகும், தோற்ற அகந்தை அடுத்த சண்டைக்குக் காத்திருக்கும் என்பதை விதி வகுத்தவர்கள் அறிந்திருந்தனர்.

ஏழாவது வழிக்குப் ‘புல்லால் மூடுதல்’ என்று பெயர். இரு தரப்பினரும் தகாதவற்றைப் பேசியும் செய்தும் விட்ட பூசலில், ஒவ்வொன்றையும் கிளறி விசாரித்தால் பகை வளரும் என்ற நிலையில் இது பயன்படும். இரு தரப்பிலும் தேர்ந்த ஒருவர் எழுந்து, தம் தரப்பின் பிழைகளையும் தம் பிழைகளையும் சேர்த்துச் சபைமுன் ஒப்புக்கொள்வார். அதோடு வழக்கு முடிந்தது. கடுமையான குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை. யார் முதலில் தொடங்கியது என்ற கேள்வியைக் கைவிடுவதே இதன் உயிர்நாடி. அகந்தை மிகுந்த பிடிவாதத்தோடு பற்றிக்கொள்ளும் கேள்வியும் அதுதான்.

கோசம்பியும் கீழை மூங்கில் வனமும்

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் சங்கம் புத்தர் காலத்திலேயே உடைந்தது. கோசம்பி நகரில் விநயம் கற்ற பிக்கு ஒருவருக்கும் தருமம் உரைக்கும் பிக்கு ஒருவருக்கும் இடையே மூண்ட பூசல் அது. உரைநூல்களின்படி, தருமம் உரைக்கும் பிக்கு கழிப்பிடப் பாத்திரத்தில் மிச்ச நீரை விட்டுவந்ததே தொடக்கம். அறியாமல் செய்தால் குற்றமில்லை என்று நேரில் சொன்ன விநயப் பிக்கு, பின்னர்த் தம் மாணவர்களிடம் மற்றவர் குற்றம் செய்தும் உணரவில்லை என்றார். பேச்சு மாணவர்வழி பரவியது. தருமம் உரைப்பவர்மீது விலக்கு ஆணை பிறந்தது. சங்கம் இரண்டாகி, கைகலப்பு வரை போயிற்று. சமாதானம் செய்ய வந்த புத்தரையே, இந்தச் சண்டையைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி விலகியிருக்கச் சொன்னார்கள். புத்தர் தனியே புறப்பட்டுக் காட்டுக்குச் சென்றார். கோசம்பியின் இல்லறத்தார் அந்தப் பிக்குகளை வணங்குவதையும் அவர்களுக்குச் சோறிடுவதையும் நிறுத்திய பிறகே அவர்கள் வழிக்கு வந்தனர். விலக்கப்பட்ட பிக்கு தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள, சங்கம் மீண்டும் ஒன்றாயிற்று.

கோசம்பியை விட்டுச் சென்ற வழியில் புத்தர் கீழை மூங்கில் வனத்தில் தங்கியிருந்த மூவரைச் சந்தித்தார். அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற அவர்கள் பாலும் நீரும் கலந்ததுபோல் ஒற்றுமையாக வாழ்ந்தனர். எப்படி என்று கேட்டதற்கு அனுருத்தர் சொன்ன விளக்கம் மிக எளியது. இத்தகைய தோழர்கள் கிடைத்தது தம் பேறு என்று அவர் எண்ணுவார். வெளிப்படையாகவும் மறைவிலும் அவர்களிடம் அன்பான செயலும் சொல்லும் நினைவும் கொள்வார். தம் விருப்பத்தை ஒதுக்கிவைத்து அவர்கள் விருப்பப்படி நடப்பார். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். பிச்சையிலிருந்து முதலில் திரும்புபவர் இருக்கை விரித்து நீர் எடுத்து வைப்பார். கடைசியில் வருபவர் பாத்திரங்களைக் கழுவி இடத்தைப் பெருக்குவார். குடம் காலியாக இருப்பதைக் காண்பவரே அதை நிரப்புவார். ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுவதும் அமர்ந்து தருமம் பற்றி உரையாடுவார்கள். ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் அது அடிமைத்தனமாகியிருக்கும். மூவரும் விட்டுக்கொடுத்ததால் அது நட்பாயிற்று.

கண்டிப்பின் வேடமிட்ட அகந்தை

உபாலியை வணங்கித் துறவேற்ற இளவரசர்களுள் அனுருத்தரோடு தேவதத்தரும் ஒருவர். முதுமை எய்திய புத்தரிடம் சங்கத்தின் தலைமையைத் தமக்குத் தருமாறு அவர் கேட்டார். மறுக்கப்பட்டபின் ஐந்து கடும் விதிகளை முன்வைத்தார். பிக்குகள் வாழ்நாள் முழுவதும் காட்டிலேயே வாழ வேண்டும், பிச்சை உணவை மட்டுமே ஏற்க வேண்டும், கந்தல் ஆடையே உடுக்க வேண்டும், மரத்தடியிலேயே தங்க வேண்டும், மீனும் இறைச்சியும் உண்ணக்கூடாது என்பவை அவை. விரும்புகிறவர் அவ்வாறு செய்யலாம், எல்லாருக்கும் கட்டாயமாக்க முடியாது என்பது புத்தரின் பதில். தேவதத்தர் வாக்குக் குச்சிகளை வழங்கி, புதிதாகச் சேர்ந்த 500 பிக்குகளைப் பிரித்துக் கொண்டுபோனார். சாரிபுத்தரும் மற்றொரு மூத்த பிக்குவான மொக்கல்லானரும் சென்று அவர்களை மீட்டுவந்தனர். சமூகங்களில் அகந்தை ஆடம்பரமாக மட்டும் வருவதில்லை. மற்றவர்களைவிடத் தூய்மையானவன் என்ற உரிமைக்குரலாகவும் வருகிறது, அப்போது அதை அடையாளம் காண்பது கடினமாகிவிடுகிறது.

இன்னொரு வடிவம், தலைவருக்கு நெருக்கமானவன் என்ற பெருமை. புத்தர் இல்லறத்தைவிட்டு நீங்கிய இரவில் உடன்சென்ற தேரோட்டி சன்னர், புத்தரும் தருமமும் தமக்கே சொந்தம் என்ற உரிமையில் யாருடைய அறிவுரையையும் ஏற்க மறுத்தார். தம் மறைவுக்குப்பின் அவருடன் யாரும் பேசவோ அறிவுரை கூறவோ வேண்டாம் என்று புத்தர் விதித்தார். அந்தத் தண்டனையை அறிந்ததும் சன்னர் நொறுங்கிப்போனார். தனித்திருந்து பயின்று திருந்தியபின் தண்டனையும் நீங்கியது.

தலைமையும் சங்கத்தின் குறையும்

பவாரணை நாளில் புத்தர் தம்மையும் விலக்கிக்கொள்ளவில்லை. தம் செயலிலோ சொல்லிலோ குறை உண்டா என்று 500 பிக்குகளின்முன் கேட்டதாகச் சங்யுத்த நிகாயம் கூறுகிறது. சங்கத்தை நடத்துவது தாமே என்ற எண்ணம் தமக்கு இல்லை என்று இறுதிக் காலத்தில் ஆனந்தரிடம் தெரிவித்தார். வாரிசாக யாரையும் நியமிக்கவில்லை. தருமமும் விநயமுமே இனி ஆசான் என்றார். சங்கத்தைவிட்டு நீங்க விரும்பும் பிக்கு அதை ஒருவரிடம் தெரிவித்துவிட்டு, தண்டனையின்றி இல்லறம் திரும்பலாம். வெளியேறும் வாசல் திறந்திருக்கும் இடத்தில்தான் பணிவு விருப்பத்தால் வருவதாகும்.

இச்சங்கம் எல்லா ஏற்றத்தாழ்வையும் வென்றுவிட்டது என்று கூற முடியாது. நூறு மழைக்காலம் கண்ட பிக்குணியும் அன்று துறவேற்ற பிக்குவை வணங்க வேண்டும் என்பது பிக்குணிகளுக்கான எட்டுச் சிறப்பு விதிகளுள் ஒன்று. அவ்விதிகளைப் புத்தரே வகுத்தாரா என்பது அறிஞரிடையே விவாதத்துக்குரியது. யார் வகுத்திருந்தாலும், நாவிதர் முன் அரசகுமாரர்களை வணங்கவைத்த அதே மூப்புமுறை, ஆண் என்ற செருக்கின் முன் நின்றுவிட்டது. ஒரு சமூகம் எந்தச் செருக்கைத் தன் விதிக்குள்ளேயே பாதுகாத்து வைத்திருக்கிறது என்று ஆராய்ந்தால் அதன் நலிவு தெரிந்துவிடும்.

பிற சமூகங்களின் அனுபவம்

வேறு காலத்திலும் நாட்டிலும் தோன்றிய சமூகங்கள் இதை ஒத்த முடிவுகளுக்கே வந்துள்ளன. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் வகுத்த துறவியர் விதி, மடத்தில் சேர்ந்த நாளின்படியே வரிசையை அமைக்கிறது. முக்கியமான செய்திகளில் மடத்தலைவர் இளையவர் உட்பட அனைவரையும் கேட்க வேண்டும் என்கிறது. சமையலறைப் பணியை எல்லாரும் முறைவைத்துச் செய்ய வேண்டும் என்கிறது. காந்தியின் சபர்மதி ஆசிரமத்தில் கழிப்பறைகளை ஆசிரமவாசிகளே சுத்தம் செய்தார்கள். பிறப்பின் பெயரால் ஒரு பிரிவினர்மீது சுமத்தப்பட்ட வேலையை எல்லாருடைய வேலையாக்கியதால், சாதிச் செருக்கு அன்றாடம் சோதனைக்கு உள்ளாயிற்று. ஜெர்மனியில் எபர்ஹார்ட் அர்னால்ட் 1920இல் தொடங்கிய புரூடர்ஹோஃப் என்ற கிறிஸ்தவக் கூட்டுச் சமூகம், ஒருவரைப் பற்றிய குறையை அவரிடமே சொல்ல வேண்டும், மறைவில் பேசக்கூடாது என்பதைத் தன் அடிப்படை விதியாகக் கொண்டது. கோசம்பியில் சங்கம் உடைந்த இடமும் அந்த மறைவுப் பேச்சுதான்.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. அகந்தையை விடுமாறு உபதேசிப்பதால் மட்டும் கூட்டுவாழ்வு நிலைக்காது. குலமும் செல்வமும் செல்லாத ஒரு வரிசை, எல்லாரும் ஏற்கும் உடலுழைப்பு, குறையை நேரில் சொல்லவும் கேட்கவும் குறித்த ஒரு நாள், தோற்றவர் என்று யாரையும் ஒதுக்காத முடிவுமுறை, தலைவரையும் கட்டுப்படுத்தும் விதி, விலகிச் செல்லும் உரிமை ஆகியவை அமைந்தால், அகந்தையுள்ள சாதாரண மனிதர்களும் இணங்கி வாழ இயலும். தன் அகந்தையைத் தானே குறைத்துக்கொள்வது ஆன்மிகப் பயிற்சி. பிறருடைய அகந்தையை உடைப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர்களைப் பணியவைப்பது ஆதிக்கம். கூட்டுவாழ்வைத் தொடங்க முனைபவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் தெளிந்து, பணிவை உறுப்பினர்களிடம் கேட்பதற்கு முன் தலைமையிடம் கேட்க வேண்டும்.